இமயமலையைத் தாண்டி அரியலூருக்கு வரும் வாத்து... பொன்னேரிக்கும் வருமா?

ஜெயங்கொண்டம் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலைப் பார்த்து, நந்தி முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அருகிலேயே இருக்கும் பொன்னேரிக்காக வண்டியை நிறுத்துபவர்கள் குறைவு. ஆனால், அது சாதாரண ஏரி அல்ல. கங்கை வெற்றியின் நினைவாக முதலாம் ராஜேந்திர சோழன் வெட்டிய 'சோழகங்கம்'தான் அது. கரையின் நீளம் மட்டும் 16 மைல் என்கிறது 19-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று. இன்று அதில் கணிசமான பகுதி மண்மேடும் முள்காடும்தான்.

அதே அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இன்னோர் ஏரியின் கதை வேறு. கரைவெட்டி! 450 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு. மேட்டூரில் திறந்துவிடும் காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, 'ராம்சர்' பட்டியலில் இது இடம்பிடித்தது. கோத்தகிரியின் லாங்வுட் சோலைக்காடும் அப்போதுதான் சேர்ந்தது. மலைக்காட்டுக்கும் சமவெளி ஏரிக்கும் ஒரே நேரத்தில் கிடைத்த மரியாதை!

கரைவெட்டியின் ஸ்டார் விருந்தாளி, பட்டைத்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். மங்கோலியா, திபெத், லடாக்கின் மலை ஏரிகள்தான் இதன் தாய்வீடு. லடாக்கின் சோ மோரிரி ஏரி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மரம் என்று பெயருக்குக்கூட எதுவும் கிடையாது. பனி உருகி ஓடிவரும் இடங்களில் குட்டைப்புல்லும் கோரையும் மட்டும் பச்சையாகப் படர்ந்திருக்கும். அந்தப் புல்வெளியை மேய்ந்துதான் குஞ்சுகள் வளர்கின்றன.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து, புல் பனிக்கடியில் போய்விட்டால் வாத்துக்குச் சாப்பாடு இல்லை. உடனே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்றே மெலிந்துபோயிருக்கும். குறைந்த ஆக்சிஜனையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் இதற்கு வாய்த்திருக்கிறது. (நமக்கு ஊட்டி ஏறினாலே மூச்சு வாங்குகிறது!)

இவ்வளவு தூரம் வந்து இங்கே அது தேடுவது ஊரில் விட்டுவந்த அதே புல், கோரை, ஆழமில்லாத தண்ணீர். அறுவடை முடிந்த வயலில் சிந்திக்கிடக்கும் நெல் கூடுதல் விருந்து.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏரி என்றால் பறவைக்கு வெறும் தண்ணீர் அல்ல. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். முக்குளிப்பானுக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும். குள்ளத்தாராவுக்கு அல்லியும் தாமரையும் படர்ந்த நீர் பிடிக்கும். முட்டையிட மரப்பொந்து தேவை. கரையோரம் சரிவாக இருந்தால் இவை எல்லாமே ஒரே ஏரியில் கிடைக்கும். ஆகாயத்தாமரை மூடினாலோ, சீமைக்கருவேலம் ஏரிக்குள் புகுந்தாலோ ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

2025 ஜூலையில், சோழகங்கத்தை மேம்படுத்த சுமார் 19 கோடி ரூபாய் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. பாசனத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. மானாவாரியை நம்பியிருக்கும் விவசாயிக்கு அது வாழ்க்கைப் பிரச்னை. ஆனால், தூர்வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி, கரை முதல் கரை வரை தொட்டிபோல ஒரே ஆழத்தில் வெட்டினால் தண்ணீர் நிற்கும், வாத்து இறங்காது. ஒரு பக்கமாவது ஆழமில்லாத சரிவையும் கோரைப்புல்லையும் விட்டுவைக்கலாமே! அதற்குத் தனியாகச் செலவுகூட ஆகாது.

கரைவெட்டிக்குப் போக நினைப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி சரியான நேரம். விடியற்காலையில் போய்விடுங்கள். பைனாகுலர் அவசியம், பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். மார்ச் பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், வந்தவர்கள் மறுபடி இமயமலைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள்.