செல்லாக் காசு – 12: படத்தில் இல்லாத மூன்றாவது பக்கம்

பழைய நாணயத்தை நேரில் வாங்கும் அனுபவசாலி முகப்பை முதலில் பார்ப்பதில்லை. விரலிடுக்கில் நிறுத்தி, விளிம்பைச் சுழற்றிப் பார்ப்பார். பிறகு தராசில் போடுவார். அப்போதும் சந்தேகம் மிஞ்சினால் சுண்டிவிட்டு ஓசையைக் கேட்பார். இணைய ஏலத்தில் இந்த மூன்றுக்கும் வழியில்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படங்கள், நாலு வரி விவரம், குறைந்துகொண்டே வரும் நேரக்கணக்கு, இவ்வளவுதான். வாங்குபவர் விலை கொடுப்பது படத்துக்கு. வீட்டுக்கு வருவது நாணயம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்த வியாபாரத்தின் கோளாறுகளில் பாதி குடியிருக்கிறது.

இந்திய வெள்ளி ரூபாயை உதாரணமாகக் கொள்ளலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. அதிலிருந்து 1939 வரை ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம். 1940இல் வெள்ளியின் அளவு 50 சதவீதமாகக் குறைந்தது. 1947இல் ரூபாய் முழுக்க நிக்கலுக்கு மாறியது. நூறாண்டுக்கு மேல் எடை மாறாத நாணயம் என்பதால், போலியைப் பிடிக்கத் தராசைப் போல் எளிய கருவி வேறில்லை. அசல் ரூபாயின் அச்சைப் பதிவெடுத்து உருக்கி ஊற்றிய போலிகள் எடையில் கணிசமாகக் குறைந்தோ கூடியோ இருக்கும். கைமாறித் தேய்ந்த அசல் நூறு, இருநூறு மில்லிகிராம் இழந்திருக்கலாம். ஒன்றரை கிராம் இழக்காது. வார்ப்புப் போலியின் வயலில், அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடத்தில், ஊசிமுனை அளவு குமிழ்களும் குழிகளும் தெரியும். விளிம்பில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும். அந்தக் கோட்டை அரம் போட்டு மறைத்தால், விளிம்பின் வரிப்பள்ளங்கள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். இவ்வளவு தடயமும் உள்ள விளிம்புதான் ஏலப் படத்தில் வருவதில்லை. எடையையும் விளிம்புப் படத்தையும் கேட்டு எழுதினால் நேர்மையான விற்பனையாளர் ஒரே நாளில் அனுப்பிவிடுவார். சாக்குச் சொல்பவரிடம் வாங்காமலிருப்பதே லாபம்.

எடையும் உலோகமும் விளிம்பும் சரியாக இருந்தும் போலியாக இருக்கும் வகை ஒன்று உண்டு. அதுதான் கைதேர்ந்தவர்களையும் கவிழ்ப்பது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயில் 1938 சாதாரணமாகக் கிடைக்கும். 1939 மிக அரிது. விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆகவே 1938இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிறார்கள். நாணயம் அசல், வெள்ளி அசல், எடை அசல். பொய் ஒரே ஓர் எண்ணில் இருக்கிறது. எட்டின் கீழ்வளையம் இருந்த இடத்தில் உலோகம் சற்றே கீறப்பட்டோ, சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாகவோ இருப்பது பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் தெரியும். ஐந்நூறு பிக்சல் அகலப் படத்தில் தெரியாது. அரிய ஆண்டு என்ற பெயரில் எது ஏலத்துக்கு வந்தாலும், அந்த எண்களை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படம் இல்லாமல் விலை கேட்பது சூதாட்டம்.

போலியே இல்லாத இடத்திலும் விவரணை பொய் பேசும். ‘நூற்றாண்டு பழமை’, ‘அபூர்வம்’ என்ற இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாங்குபவரின் மனம் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் பழசுதான். ஆனால் அந்த ஆண்டெண்ணை மாற்றாமலேயே அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அடித்துத் தள்ளினார்கள். அதில் விலை பெறுவது ஆண்டு அல்ல, புள்ளிகளின் எண்ணிக்கை, இடம் போன்ற நுணுக்கமான அச்சு வேறுபாடுகள். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளின் கதை இன்னும் சுவையானது. பத்துக் காசு, இருபதுக் காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அந்தச் சரக்கை லட்சக்கணக்கில் மீட்டார்கள். சென்னைக்கு வந்தே சேராத அந்தக் காசுகள், இருநூறு வயதாகியும் இன்று உலகச் சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. கப்பல் விபத்துச் சான்றிதழோடு சேர்த்து ‘அரும்பொருள்’ என்று பல மடங்கு விலைக்கு ஏலம் விடப்படுவதும் இவைதான்.

நாணயமாகவே இருந்திராத நாணயங்கள் தனி ரகம். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஓர் அணா என்ற எழுத்துகள். மறுபக்கம் அனுமனோ, ராமர் பட்டாபிஷேகமோ, ஓம் எழுத்தோ. கம்பெனி இப்படி எதையும் வெளியிட்டதில்லை. ஓரணா மதிப்பில் இந்தியாவுக்கு முதன்முதலாக நாணயம் வந்ததே 1907இல், ஏழாம் எட்வர்ட் காலத்தில். அதுவும் செம்பில் அல்ல, நிக்கல் கலந்த உலோகத்தில், நெளிநெளியான விளிம்போடு. இந்த வில்லைகள் பிற்காலப் பட்டறைகளில் அடித்தவை. கோயில் வாசலிலும் சுற்றுலாத் தலத்திலும் சில்லறை விலைக்குக் கிடைப்பவை. இவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, கோடி ரூபாய்க்குப் போகும் என்று சொல்லி ஆள் பிடிக்கும் கும்பல்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்கலாம். அபூர்வ இரிடியம் இருப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடியின் ஒன்றுவிட்ட தம்பி இது.

பிழை நாணயம் என்ற பெயரிலும் நிறையக் கைவேலை நடக்கிறது. அக்கசாலையில் ஒரு காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வெற்று வில்லையில் தன் உருவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகக் குழிவாகப் பதிப்பது உண்மையான பிழை. அதற்கு நல்ல விலை உண்டு. இரண்டு காசுகளைப் பட்டறைக் குறட்டில் வைத்து நெருக்கினாலும் குழிந்த பிம்பம் விழும். ஆனால் அப்போது அந்தக் காசின் சொந்த எழுத்துகள் நசுங்கியிருக்கும்.

மேற்பரப்புக்கு வந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் அல்ல, வீட்டில் உள்ளவர்களே. பாட்டியின் பெட்டியில் கிடைத்த வெள்ளி ரூபாயை விபூதி போட்டுத் தேய்ப்பதும், செப்புக் காசைப் புளியில் ஊறவைப்பதும் நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்துக்கு அது சாவுமணி. காற்றுபட்டுப் பல பத்தாண்டுகளாகப் படிந்த சாம்பல், நீலம், பழுப்பு நிறப் படலத்தைத்தான் சேகரிப்பாளர்கள் டோனிங் என்று போற்றுகிறார்கள். அந்தப் படலமும், அச்சு விழுந்தபோது உண்டான நுண்ணிய ஒளியலையும் ஒருமுறை போனால் திரும்பாது. தேய்த்த நாணயத்தைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். நேர்மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படத்திலோ அதுவே ‘புத்தம்புது’ பளபளப்பாகத் தெரியும். அதனால் படத்தில் மின்னுவதைக் கண்டு மயங்குபவர் தேய்த்த நாணயத்துக்குத் தேய்க்காத விலை கொடுக்கிறார். விற்பதற்கு முன் தேய்த்தவர் தன் கையாலேயே தன் விலையைக் குறைத்துக்கொள்கிறார்.

அசலா, தேய்த்ததா, என்ன தரம் என்ற சச்சரவைத் தீர்க்க வந்ததுதான் மூன்றாம் நபர் தரச்சான்று. அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற நிறுவனங்கள் தொடங்கின. நாணயத்தை ஆராய்ந்து, வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த எழுபது புள்ளி அளவுகோலில் தரமிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிடுகிறார்கள். வியாபாரத்தில் இதற்கு ஸ்லாப் என்று பெயர். 63க்கும் 65க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சிறிது. விலை வித்தியாசம் சில நாணயங்களில் பல மடங்கு. எனவே இப்போது பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். உண்மையான ஒரு நாணயத்தின் சான்று எண்ணைப் போலிப் பெட்டியில் அச்சடிப்பதால், எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடினால் ‘சரி’ என்றே வரும். அங்கே படம் இருந்தால் அந்தப் படத்தின் கீறலும் கறையும் ஏலப் படத்தில் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுவதுதான் சோதனை. பெட்டியை வாங்காமல் நாணயத்தை வாங்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

இனி ஏலத்தின் கணக்கு. பல தளங்களில் ஒருவர் தன் அதிகபட்சத் தொகையைப் பதிந்துவிட்டால், எதிராளி கேட்கக் கேட்க அமைப்பே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். வசதிதான், ஆனால் விற்பவரோ அவர் நண்பரோ வேறு பெயரில் நுழைந்து, அந்த அதிகபட்சத்தை முட்டும்வரை விலையைத் தள்ளவும் அதே வசதி உதவுகிறது. பெரிய தளங்கள் இதைத் தடை செய்திருந்தாலும் முழுதாக ஒழிக்க முடியவில்லை. ஒரே விற்பனையாளரின் பொருள்களை மட்டுமே கேட்டு, கடைசியில் தோற்றுக்கொண்டே இருக்கும் கணக்கு, ‘விற்றுப்போன’ நாணயம் சில வாரத்தில் மறுபடி ஏலத்துக்கு வருவது, இவை அதன் அடையாளங்கள். ஆள்வைத்து ஏற்றாத ஏலத்திலும் ஒரு பொறி உண்டு. கேட்ட அத்தனை பேரிலும் அதிகமாக மதிப்பிட்டவர்தான் ஜெயிக்கிறார் என்பதால், மிகையாக மதிப்பிட்டவரே ஜெயித்திருக்க வாய்ப்பு அதிகம்.

கமிஷனை மறப்பது புதியவர்களின் வழக்கமான சறுக்கல். வாங்குபவரிடம் 15 சதவீதமும் விற்பவரிடம் 10 சதவீதமும் எடுக்கும் ஓர் ஏல நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாணயம் 10,000 ரூபாய்க்கு முடிகிறது. வாங்கியவர் 1,500 கமிஷன், வரி, கூரியர் சேர்த்து ஏறக்குறைய 12,000 கட்டுகிறார். விற்றவர் கைக்கு 9,000 போகிறது. அதே நாணயத்தை அதே நிறுவனத்தில் திருப்பி விற்று 12,000ஐ மீட்க வேண்டுமானால் ஏலம் 13,333 ரூபாய்க்குப் போக வேண்டும். விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிய பிறகும் லாபம் பூஜ்யம். பழைய நாணயத்தை முதலீடு என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

சட்டம் பலரும் எட்டிப் பார்க்காத பக்கம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு நிறைந்த நாணயமும் தொல்பொருளே. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பினால் சிறைத்தண்டனை உண்டு. தொல்பொருள் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். இந்த நூறாண்டுக் கோடு ஆண்டுதோறும் நகர்வதால், ஐந்தாம் ஜார்ஜின் தொடக்ககால ரூபாய்கள் எல்லாம் இப்போது கோட்டுக்குள் வந்துவிட்டன. சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ இருந்துகொண்டு இந்திய ஏலத்தில் சோழர் காசை ஜெயித்தவர், அதை இந்தியாவிலேயே வைத்துக்கொள்ளலாம். தபாலில் வரவழைக்க முடியாது. இன்னொன்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் வெளிவந்திருக்கின்றன என்பது உலகறிந்தது. ஆனால் ‘ஆற்றில் எடுத்தது’ என்று ஏல விவரத்தில் பெருமையாக எழுதுபவர், நாணயத்தின் பூர்வீகத்தோடு தன் மீதான புகாரையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்.

விற்பவரைத் தேடி வரும் மோசடி வேறு மாதிரி. வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் லட்சக்கணக்கில் போகும் என்று காணொளிகள் சொல்கின்றன. 2012ஆம் ஆண்டிட்ட சாதாரணப் புழக்க நாணயங்கள் அவை. அதை நம்பி வரி விளம்பரத் தளத்தில் படம் போட்டவுடன் தொலைபேசி வரும். விலை பேசி முடித்து, பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பில், பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்றும், யாருக்கும் அப்படி அதிகாரம் தரவில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. பணம் அனுப்புவதாகச் சொல்லி அதை அழுத்தச் சொல்பவர், நம் கணக்கிலிருந்து எடுக்கவே பார்க்கிறார்.

கடைசிக் கட்டம் தபால். பல கூரியர் நிறுவனங்களின் விதிகளில் நாணயமும் நகையும் இழப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றன. காப்பீடு செய்த அஞ்சலே பாதுகாப்பு. மிருதுவான பிவிசி உறையில் நாளாக இருந்தால் நாணயத்தின் மேல், அதிலும் செம்பின் மேல், பச்சைப் பிசுக்கு படியும் என்பதால், பயணத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி வந்தவுடன் மாற்றிவிடுவது நல்லது. வாங்குபவர் பொட்டலத்தைப் பிரிப்பதை, முகவரிச் சீட்டிலிருந்து தராசு வரை, ஒரே ஓட்டமாகக் காணொளி எடுத்துவைக்க வேண்டும். விற்பவரும் அனுப்பும் முன் எடையையும் விளிம்பையும் படமெடுத்துவைக்க வேண்டும். ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்புபவர்களில் சிலர், அசலை வைத்துக்கொண்டு அதேபோன்ற தேய்ந்த காசை அனுப்பிவிடுகிறார்கள். அப்போது புகாருக்குச் சான்றாக நிற்கக்கூடியவை அந்தப் படங்கள்தான்.