குற்றாலச் சாரலும் மொட்டை டயரும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும். ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து கொட்டும். கார்கள் வரிசை வரிசையாக வந்து நிற்கும்.

அந்த வரிசையில் சில சமயம் 'ஸ்போர்ட்ஸ் கார்' ஒன்றும் வந்து சேரும். தரையோடு தரையாகப் படுத்த உடல். இரண்டே கதவு. அகலமான டயர். குளிக்க வந்த பிள்ளைகள் குளிப்பதை மறந்து அதைச் சுற்றி நிற்பார்கள்.

"இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார், வழுக்குமா?" என்று கேட்கலாம். வழுக்கும்!

உள்ளங்கை அளவு

ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பவை இந்த நான்கு உள்ளங்கைகளே.

டயரில் 'பட்டன்' என்கிறோமே, அதன் நடுவே உள்ள பள்ளங்கள் எதற்கு? அழகுக்கு அல்ல. தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. பட்டன் தேய்ந்தால் தண்ணீர் போக வழி இல்லை. வேகமாகப் போகும் கார் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக் பிடிக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. டயர் அகலமானால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம். ஆகவே ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆபத்து ஒரு படி கூடுதல். குற்றாலத்திலோ குரங்கு எப்போது குறுக்கே பாயும் என்று யாருக்குத் தெரியும்?

பந்தயக் காருக்கு மொட்டை டயர்தானே போடுகிறார்கள்? ஆம், காய்ந்த தரையில். மழை வந்தால் உடனே மாற்றிவிடுவார்கள். 'பார்முலா ஒன்' பந்தயத்தின் மழை டயர், 300 கிலோ மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும். ஐந்தருவிச் சாலையில் டயர் மாற்ற அப்படி ஆட்கள் காத்து நிற்பதில்லை.

எண்ணைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் '225/45 ஆர் 17 91 டபிள்யூ' என்பது போல் எழுதியிருக்கும். 225 மில்லி மீட்டர் அகலம். அதில் 100-க்கு 45 பங்கு உயரம். 17 அங்குல ரிம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் 270 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும். விலை குறைவு என்று இதற்குக் கீழான எழுத்தை வாங்காதீர்கள்.

தனியாக நான்கு இலக்கம் இருக்கும். '2324' என்றால் 2024-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. ஸ்போர்ட்ஸ் காரில் இதுதான் முக்கியம். கொட்டகையிலேயே நிற்கும் காரில் பட்டன் தேயாது. ரப்பர் மட்டும் இறுகிவிடும். பார்வைக்குப் புதிது, பிடிப்பில் கிழடு! பத்து ஆண்டு ஆன டயரை, தேயாவிட்டாலும் மாற்றச் சொல்கின்றன பல கம்பெனிகள்.

பள்ளத்தின் அடியில் சிறு மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லி மீட்டர். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் சட்டப்படி மாற்ற வேண்டும். மழைப் பயணத்துக்கு அதுவரை காத்திருப்பதும் தவறு.

மாட்டும்போது

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் பின்னால் மாட்டுங்கள். முன் டயர் வழுக்கினால் ஓட்டுபவர் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள காரில் மாற்றிப் போடவும் முடியாது.

சில டயரில் அம்புக்குறி இருக்கும். கார் முன்னே போகும்போது டயர் சுழலும் பக்கத்தை அது காட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது. கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடியுங்கள்.

காற்று எவ்வளவு? ஓட்டுபவர் கதவை ஒட்டி அட்டை இருக்கும். டயர் சூடாகும் முன் அந்த அளவு பிடியுங்கள்.

ஐந்தாவது டயர் எங்கே? பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் அடைக்கும் பசையும் சிறிய பம்பும்தான். பக்கவாட்டில் கிழிந்தால் பசை உதவாது. செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதையில் ஏறுகிறவர்கள், தென்காசியிலேயே நான்கையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.