பழைய கணிப்பொறிக்குக் கூடுதல் நினைவகம்

நமது சங்க நூலகத்துக் கணிப்பொறியைக் கபாடிவாலாவிடம் போட்டுவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. 2011-இல் வாங்கியது, லினக்ஸில் ஓடுவது. பிரவுசர் திறந்திருக்கும்போது புத்தகப் பட்டியலையும் திறந்தால் அப்படியே நின்றுவிடும். ரயில்வேயில் பழைய எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். "ஒரு வாரம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினேன்.

நினைவகம், அதாவது ராம், ஸ்டேஷனின் பிளாட்பாரம் மாதிரி. ஹார்டு டிஸ்க்தான் யார்டு. பிளாட்பாரம் போதாவிட்டால் வண்டிகளை யார்டுக்குத் தள்ளுவதும் இழுப்பதுமாக ஷண்டிங்கிலேயே பொழுது போகும். லினக்ஸில் இந்த யார்டுக்கு 'ஸ்வாப்' என்று பெயர்.

காசைச் செலவழிக்குமுன் டெர்மினலில் 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுங்கள். 'ஃப்ரீ' என்ற பத்தியில் எண் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் இடத்தில் டிஸ்கில் படித்ததை லினக்ஸ் வைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் காலி செய்துவிடும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தியை. அது சுருங்கி, ஸ்வாப் உபயோகமும் ஏறிக்கொண்டே போனால் நினைவகம் போதவில்லை என்று பொருள். நம் பெட்டியில் இருந்தது 2 ஜி.பி.; நோய் இதுதான்.

அடுத்து, எந்த வகை என்று பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 பின்கள்தான்; ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. எவ்வளவு போடலாம் என்பதை மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள். நமக்கு 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 இரண்டு, செகண்ட் ஹாண்டில் கிடைத்தன.

முதலில் பட்டியலைப் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் வெற்று இரும்பைத் தொட்ட பிறகே கை வைத்தேன். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடும். மாட்டிப் போட்டதும் பெட்டி பீப் பீப் என்று கத்தியது, திரை இருட்டு. ஒரு பக்கக் கிளிப் சரியாக விழவில்லை! கழற்றி, இரு முனையும் சமமாக அழுத்தி 'டிக்' என்று கேட்ட பிறகு உயிர் வந்தது. 'மெம்டெஸ்ட்' நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன். பிழை இல்லை.

இப்போது பட்டியல் உடனே திறக்கிறது. ஆனால் பெட்டி கிளம்பும் நேரம் குறையவில்லை; அது டிஸ்கின் வேகம், நினைவகம் அதைத் தீர்க்காது.

அங்கத்தினர்கள் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தட்டெழுதிய பட்டியல் அது. பெட்டியும் பட்டியலும் நம்மிடமே இருக்கின்றன. வந்து பாருங்கள்.