பத்துப் பேரைத் தேடும் ஆலயம்

யூத சமய மரபின்படி கூட்டு வழிபாடு நடைபெறுவதற்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது சமுகமளித்திருக்க வேண்டும். மியன்மாரின் யங்கூன் நகரில், 26 ஆம் வீதியில் அமைந்துள்ள 'முஸ்மேயா யெஷுவா' என்னும் யூத ஆலயத்தில் இந்தப் பத்துப் பேரைத் திரட்டுவதே பல தசாப்தங்களாகப் பெரும்பாடாக இருந்து வருகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒருசேர அமர்ந்து வழிபடுவதற்கெனக் கட்டப்பட்ட மண்டபம் அது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிந்துகொள்வது சிறுபான்மைச் சமூகங்கள் யாவற்றுக்கும் பயன்தரும் என நாம் கருதுகிறோம்.

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாத்தை ஆண்ட தாவூத் பாஷாவின் கெடுபிடிகளைத் தாங்க முடியாத யூத வணிகர் பலர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் நிலைகொண்ட அவர்களில் ஒரு பகுதியினர், 1852 இல் பிரித்தானியர் ரங்கூனைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து அங்கு சென்று குடியேறினர். தேக்கும் அரிசியும் ஏற்றுமதியாகிய அத்துறைமுகத்தில் வர்த்தகம் பெருகியது. கொச்சியிலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் யூதர்கள் வந்து அவர்களுடன் இணைந்தனர்.

1854 இல் மரத்தினால் அமைக்கப்பட்ட சிறிய ஆலயத்தின் இடத்தில், 1893 க்கும் 1896 க்கும் இடையில் இன்றுள்ள கட்டடம் எழுப்பப்பட்டது. 'மீட்பை முளைக்கச் செய்பவர்' என்பது அதன் பெயரின் பொருள். மண்டபத்தின் நடுவே வேதம் வாசிப்பதற்கான மேடையும், மேல்மாடத்தில் பெண்களுக்கான இருக்கைகளும் உள்ளன. ஒரு காலத்தில் 126 தோரா வேதச் சுருள்கள் அங்கு இருந்ததாகக் கூறப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இச்சமூகத்தினரின் தொகை சுமார் 2,500 ஆக இருந்தது. 1930 களில் டேவிட் சோஃபர் என்ற யூதர் ரங்கூனின் நகர முதல்வர் பதவியை வகித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

முதலாவது அடி போரினால் விழுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. பிரித்தானியரின் ஆதரவாளர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட யூதர்களில் பெரும்பாலானோர் இந்தியாவுக்குத் தப்பியோடினர். அதே காலத்தில் தமிழர் உள்ளிட்ட இலட்சக்கணக்கான இந்தியர்களும் வெளியேறினர். கால்நடையாக மலைகளையும் காடுகளையும் கடந்தோரில் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். போர் முடிந்த பின்னர் திரும்பி வந்த யூதர்கள் சில நூறு பேரே.

சுதந்திர பர்மா அவர்களைப் பகைக்கவில்லை. பிரதமர் ஊ நூ 1955 இல் இஸ்ரேலுக்கு விஜயம் செய்தார். ஆயினும் 1962 இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியதும் நிலைமை தலைகீழாக மாறியது. வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் கடைகளும் அடுத்தடுத்து அரசுடைமையாக்கப்பட்டன. இந்நடவடிக்கை யூதர்களைக் குறிவைத்து எடுக்கப்பட்டதன்று. ஆனால் வர்த்தகம் ஒன்றையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த சமூகத்துக்கு, கடை பறிபோனபின் அந்த நாட்டில் எஞ்சியது எதுவுமில்லை. அவர்கள் இஸ்ரேல், பிரித்தானியா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா எனச் சிதறினர். வேதச் சுருள்களும் அவர்களுடன் சென்றன. 1969 இல் இறுதி ரபியும் வெளியேறினார்.

இதே அடியைத் தமிழர்களும் வாங்கினர். 1960 களில் சுமார் 3 இலட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்தது. தமிழர்கள் 1871 இல் எழுப்பிய ஸ்ரீ காளி கோயில் யூத ஆலயத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே அமைந்துள்ளது. பர்மாவில் தமிழர் தொகை பெரிதாக இருந்தமையால், வெளியேற்றத்தின் பின்னரும் அக்கோயிலில் விளக்கேற்ற ஆட்கள் எஞ்சினர். சிறு தொகையினரான யூதர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

எனினும் ஆலயத்தின் கதவு மூடப்படவில்லை. சாமுவேல்ஸ் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக அதனைப் பராமரித்து வந்துள்ளனர். 2015 இல் காலமான மோசஸ் சாமுவேல்ஸ், வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வராத நாட்களிலும் ஆலயத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வெளிநாட்டுப் பயணிகள் வந்து சேர்ந்த நாட்களிலேயே அந்த எண்ணிக்கை நிறைந்தது. முஸ்லிம் வணிகர்களின் கடைகள் நிறைந்த அவ்வீதியில் அயலவருக்கும் ஆலயத்துக்கும் இடையே நல்லுறவு நிலவி வந்துள்ளது.

ஒரு சமூகம் மறைந்து போவதற்கு அதன் மீது வெறுப்பு வேண்டியதில்லை என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது. யாவருக்கும் பொதுவானது எனக் கூறப்படும் சட்டமொன்று, மிகச் சிறிய சமூகத்தின் ஒரே ஆதாரத்தைப் பறித்துவிடக்கூடும். சட்டமியற்றுவோர் இதனை மனதிற்கொள்ள வேண்டும். பழுதடைந்த சுவர்களைப் பின்னர் செப்பனிட்டுக் கொள்ளலாம். புலம்பெயர்ந்து போன மக்களை மீட்டெடுப்பது அத்துணை எளிதன்று.