சுமக்கத் தகுந்த கேமரா

போலாரம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ராஷ்டிரபதி நிலையமே. அதற்கு அண்மையிலுள்ள செகந்திராபாத்தில்தான், ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞரான ராஜா தீன் தயாள் 1880-களில் தமது புகைப்பட நிலையத்தை நிறுவினார். அக்காலத்துக் கேமரா ஒரு மரப்பெட்டி. படம் பதியும் தளமோ கண்ணாடித் தகடு. அவற்றைச் சுமந்து பயணம் செய்வதே பெரும்பாடு.

அவருக்கு முந்தைய தலைமுறையின் நிலை இன்னும் கடினம். ஈரத்தகடு முறையில், தகட்டில் பூசிய கலவை உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே இருட்டுக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் உடன் சென்றாக வேண்டும். 1863-இல் சிம்லாவிலிருந்து இமயத்துக்குள் சென்ற சாமுவேல் போர்ன், சுமார் 30 சுமையாட்களை அழைத்துச் சென்றார்.

சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் வேறு வழியைத் தேர்ந்தார். 1855-இல் பர்மா சென்றபோது அவர் மெழுகு பூசிய காகிதத்தைப் பயன்படுத்தினார். அதை முன்னதாகவே ஆயத்தம் செய்து கொள்ளலாம். படம் எடுத்தபின் உடனே கழுவ வேண்டியதில்லை. கண்ணாடி தரும் நுணுக்கம் காகிதத்தில் இல்லை. ஆனால் பயணத்துக்கு ஏற்றது காகிதமே. நெடுநடை செல்லும் இன்றைய அன்பர்களின் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது: நுணுக்கமா, சுமையா?

முழுச்சட்ட உணரியின் அளவு 36 × 24 மில்லிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரி 17.3 × 13 மில்லிமீட்டர்; பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மங்கிய ஒளியில் பெரிய உணரி சிறப்பாகச் செயல்படும் என்பது உண்மையே. ஆனால் உணரி பெரிதாகப் பெரிதாக லென்சும் பெரிதாகும். எடை கூடுவது பெரும்பாலும் லென்சினால்தான். இடைப்பட்ட ஏபிஎஸ்-சி அளவு பலருக்கும் போதுமானது. பறவைகளை நாடுவோருக்குச் சிறிய உணரி ஒரு நன்மையும் தருகிறது: 300 மில்லிமீட்டர் லென்சு, முழுச்சட்டத்தில் 600 மில்லிமீட்டர் தரும் காட்சிக் கோணத்தை அளிக்கும்.

எடையைக் கணக்கிடும்போது கேமராவை மட்டும் நிறுத்துப் பார்த்தல் போதாது. லென்சு, உபரி பேட்டரிகள், முக்காலி, மழையுறை ஆகிய அனைத்தையும் சேர்த்து நிறுக்க வேண்டும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும். அதனை உடையின் உட்பையில் வைத்திருப்பது நலம். தண்ணீரையோ மருந்தையோ குறைத்துக்கொண்டு கேமராவுக்கு இடம் தேடுவது ஆபத்தானது.

வாங்குமுன் வாடகைக்கு எடுத்துச் சோதித்தல் சிக்கனமான வழி. முழுச் சுமையையும் முதுகில் ஏற்றி, போலாரத்துக்கு அருகிலுள்ள மௌலா அலி குன்றின் படிகளை ஏறிப் பார்க்கலாம். அல்லது விகாராபாத் பக்கத்து அனந்தகிரி மலையில் ஒரு நாள் நடக்கலாம். மாலையிலும் கேமரா கையில் இருக்கிறதா, பைக்குள் உறங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். விலைப்பட்டியல் சொல்லாததை அந்த ஒரு நாள் சொல்லிவிடும். வாங்கிய பின் விலைச்சீட்டையும் வரிசை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். காப்பீடு எடுப்பின், நடைப்பயணத்தில் நேரும் சேதமும் அதில் அடங்குமா என்பதை முன்னரே கேட்டறிந்து கொள்ளுங்கள்.