உங்களுக்குத் தெரியுமா? குத்தியவன் ஏழையானால் காயத்துக்கு விலை குறையும்!

காப்புறுதி இல்லாத கார் மோதிக் கால் உடைந்தால், மலேசியாவில் இழப்பீடு கேட்க மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் அமைப்பான எம்ஐபி இருக்கிறது. நெகிரி செம்பிலானின் மம்பாவ் தோட்டத்தில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டால்? அதற்கென்று ஒரு அரசு நிதியே கிடையாது!

ஆனாலும் ஒரு வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 426! அரசுத் துணை வழக்கறிஞர் (டிபிபி) விண்ணப்பித்தால் போதும், குற்றவாளியே இழப்பீடு கட்ட நீதிமன்றம் உத்தரவிடும். அடிபட்ட உடம்புக்கும் உண்டு, இழந்த சம்பளத்துக்கும் உண்டு!

தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? குற்றவாளியால் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் பார்த்து! ஒரே ஆழக் காயம். பணக்காரன் குத்தினால் ஒரு தொகை, பரம ஏழை குத்தினால் வேறு தொகை. இது என்ன நியாயம்?

இதே நெகிரி செம்பிலானின் பழைய அதாட் பெர்பாத்தே வழக்கத்தைக் கேளுங்கள். காயப்படுத்தினால் ஈடு கட்ட வேண்டும். கொன்றுவிட்டால், கொன்றவரின் குலம் தன் ஆள் ஒருவரையே கொல்லப்பட்டவரின் குலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். உயிருக்கு ஈடாக ஓர் ஆள்!

பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டம் இன்னும் ஒரு படி மேல்! கொள்ளைக்காரன் பிடிபடாமல் உயிர் போயிருந்தால், குடும்பத்துக்கு ஊரும் ஊர்த்தலைவரும் தர வேண்டியது ஒரு மினா வெள்ளி. ஏறத்தாழ அரைக் கிலோ, 3,700 ஆண்டுகளுக்கு முன்பே!

சோழர் காலத்தில் கைதவறிக் கொன்றவர் கோயிலில் விளக்கு ஏற்ற ஆடுமாடு கொடுத்த கல்வெட்டுகள் உண்டு. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமாக 96 ஆடுகள்!

நம் காலத்தில் அரசே பணம் தரும் சட்டத்தை முதலில் போட்டது நியூசிலாந்து. ஆண்டு 1963!

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அமெரிக்கக் கூட்டரசு நிதியில் வரிப்பணம் இல்லை. குற்றவாளிகள் கட்டும் அபராதம்தான்! 1984 முதல்!

இந்தியாவின் 2018 திட்டப்படி, ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பெண்ணுக்குக் குறைந்தது 7 லட்சம் ரூபாய். வீசியவன் பிடிபடாவிட்டாலும் கேட்கலாம்!

மலேசியாவில் கொலையானவரின் துணை சிவில் வழக்கில் கேட்கும் துக்க இழப்பீடு 30,000 ரிங்கிட். 2019 வரை வெறும் 10,000! டாக்டராக இருந்தாலும் பால்மரம் சீவியவராக இருந்தாலும் அதே தொகைதான். இது நியாயம்!

ஆனால் இறந்தவருக்கு 60 வயது நிறைந்திருந்தால்? அவர் வருங்காலச் சம்பளத்துக்குச் சட்டம் போடும் கணக்கு: 0! விடியற்காலையில் மரம் சீவப் போனவராக இருந்தாலும்!

மம்பாவ் மக்களே, மருத்துவ ரசீதையும் சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். தண்டனை சொல்லும் முன்பே டிபிபியிடம் போய் 426 என்று கேளுங்கள். உயிரே போயிருந்தால், குடும்பம் சிவில் வழக்குப் போட உள்ள அவகாசம் வெறும் 3 ஆண்டு!