ஒரு லைனுக்கு எத்தனை பேர்?

அறந்தாங்கியில் என் கடையில் 5 சிம் இருக்கிறது. ஆள் நான் ஒருவன்தான். சட்டைப்பையில் இருக்கும் போனில் 2, ரீசார்ஜ் போடுவதற்கென்றே வைத்திருக்கும் பட்டன் போனில் 1, கார்டு தேய்க்கும் மெஷினுக்குள் 1, பணம் விழுந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்குள் 1. கடைசி இரண்டும் மனிதரோடு பேசாத ரகம், தள்ளிவிடலாம். மிச்சம் 3.

இதே அறந்தாங்கியில், இதே கடையில், 1992-ல் ஒரே ஒரு லைன் இருந்தது. மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதியிருக்கும். உடல் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அப்போது பூத் ஒதுக்கினார்கள். இளம்பிள்ளைவாதம் என் இடது காலை எடுத்துக்கொண்டு பூத்தைக் கொடுத்தது என்று என் அம்மா சொல்வாள்.

அந்த ஒரு லைனை நம்பி எத்தனை பேர் இருந்தார்கள் என்று என் மனைவி ஒருமுறை கணக்குப் போட்டாள். எங்கள் நம்பரைக் கல்யாணப் பத்திரிகையிலும் கடை பில்லிலும் அச்சடித்துப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொண்டவர்களே 60 வீட்டுக்கு மேல். பி.பி. என்றால், கூப்பிட்டால் யாராவது ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவார்கள் என்று அர்த்தம். எனக்கு ஓட முடியாது. அக்கா மகன் ஓடுவான். ஒரு ஓட்டத்துக்கு 2 ரூபாய்.

அரசாங்கக் கணக்கில் அந்த 60 வீடும் சேர்ந்து ஒரு இணைப்பு. இன்றைக்கு நான் ஒருவனே 3 இணைப்பு. தொலைபேசிப் புள்ளிவிவரம் எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு முதலில் இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) இணைப்புகளின் கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறது. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில் அதைப் படிப்பது என் பொழுதுபோக்கு. 2024 மார்ச் கடைசியில் நாட்டில் இருந்த இணைப்பு 119.9 கோடி. அதில் மொபைல் 116.5 கோடி, தரைவழி 3.4 கோடிக்குச் சற்றே குறைவு. மக்கள்தொகையால் வகுத்தால் நூறு பேருக்கு 85.7. இதற்குத் தொலைபேசி அடர்த்தி என்று பெயர். இதைப் பார்த்துவிட்டு 'நூற்றில் 85 பேரிடம் போன்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 85 என்பது ஆள் இல்லை, இணைப்பு. அதே அறிக்கையில் நகரங்களின் அடர்த்தி 133 என்றும் கிராமங்களின் அடர்த்தி 59 என்றும் இருக்கிறது. நூறு பேரில் 133 பேரிடம் போன் இருப்பது எப்படி?

டெல்லி இன்னும் வேடிக்கை. அங்கே 270-க்கும் மேலே போகும். டெல்லி வட்டத்தின் கணக்கில் நொய்டா, காசியாபாத், குர்கான், பரிதாபாத் மொபைல்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். வகுக்கும்போது மட்டும் டெல்லி மாநிலத்து ஜனத்தொகை. அண்டைவீட்டுப் பிள்ளைகளையும் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, நம் வீட்டுத் தலைக்கு எத்தனை இலை என்று கேட்ட கதைதான்.

பூத் காலத்துக்கு வருகிறேன். 1991-ல் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் போன்கள்தான். நூறு பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம். கூடுதல் டெபாசிட் கட்டினால் வரிசையில் முன்னே போகலாம், ஓ.ஒய்.டி. என்று பெயர். எம்.பி. சிபாரிசு செய்தாலும் கிடைக்கும். எனவே 50 லட்சம் என்ற அந்த எண், எத்தனை பேருக்குப் போன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சில் எத்தனை துளை இருந்தது என்பதைத்தான் சொன்னது. துளைகள் கூடியதற்கு ஒரு காரணம், 1984-ல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் தொடங்கிய சி-டாட் நிறுவனம். இந்தியப் புழுதிக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கிற, குளிர்சாதனம் கேட்காத சின்ன எக்ஸ்சேஞ்சை அவர்கள் செய்தார்கள். 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் முதலில் வைத்தார்கள். அப்புறம் நாடெங்கும் கிராமம் கிராமமாகப் போனது. 

பூத்தில் இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி.க்குக் கால்வாசிக் கட்டணம்தான். கடைக்கு எதிரே சாக்கு விரித்துச் சனங்கள் காத்திருப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சின்ன ஃபேன், வெளியே என் மேசையில் சிவப்பு எண் ஓடும் மீட்டர். உள்ளே பேசுகிறவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். அழுவதானாலும் பார்த்துக்கொண்டே அழுவார். மேலத்தெருப் பெரியம்மா ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். மகன் சவுதியில். "சாப்ட்டியா, சாப்ட்டியா" என்று மூன்று முறை கேட்பதற்குள் கையில் கொண்டுவந்த காசு தீர்ந்துவிடும். மீட்டரைப் பார்க்கத் தெரியாததால் என்னைப் பார்ப்பார். நான் கையைத் தூக்கினால் வைத்துவிடுவார்.

மொபைல் வந்தது 1995-ல். ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை, அடித்தாலும் காசு, எடுத்தாலும் காசு. எங்கள் பக்கம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பூத்துக்கு எமனாக வந்தது மொபைல் அல்ல, இரண்டு உத்தரவுகள். 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. கம்பெனிகள் மொத்தமாகக் கட்டவேண்டிய உரிமக் கட்டணத்தை வருமானத்தில் பங்காகக் கட்டலாம் என்றார்கள். கட்டண யுத்தம் அதற்கப்புறம்தான் சூடுபிடித்தது. பிறகு 2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் காசில்லை. அன்றைக்கே மொபைல், ஏழைக்கும் அடக்கமான பொருள் ஆகிவிட்டது. பேசக் காசில்லாவிட்டால் மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமே! அடுத்த வருஷமே, 2004-ல், மொபைல் எண்ணிக்கை தரைவழியைத் தாண்டியது. என் பூத் அதற்குப் பின்னும் சில வருஷம் ஓடியது. 2008, 2009 வாக்கில் நாட்டில் பி.சி.ஓ.க்கள் 60 லட்சத்தைத் தொட்டிருந்தன. சரிந்தது எப்படிச் சரிந்தது என்றே தெரியவில்லை. ஒருநாள் மீட்டரைத் துடைத்தபோது, கடைசியாக யார் பேசினார்கள் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

சுரண்டும் கார்டு, ஈசி ரீசார்ஜ், ரேட் கட்டர் என்று நானும் மாறிக்கொண்டேன். ஒருவரிடம் இரண்டு சிம் புழங்க ஆரம்பித்தது அப்போதுதான். ஒரே கம்பெனி நம்பருக்குள் பேசினால் மலிவு என்பதால் மாமியார் வீட்டுக்கு ஒரு சிம், அம்மா வீட்டுக்கு ஒரு சிம். சிம்மை இலவசமாகக் கொடுத்து உள்ளே பேலன்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பேலன்ஸ் தீர்ந்ததும் சிம் குப்பைக்குப் போகும், கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கும்.

அதனால்தான் 2012-ல் அந்த அதிசயம் நடந்தது. அந்த வருஷம் ஜூனில் 93.4 கோடி மொபைல் இணைப்பு. 2013 மார்ச்சில் 86.8 கோடி. ஒன்பது மாதத்தில் 6 கோடிக்கும் மேலே காணோம். என் கடைக்கு வந்த யாரும் போனைத் தூக்கிப் போடவில்லை. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது, சில கம்பெனிகள் கடையைக் கட்டின. மற்றவர்கள் செத்த சிம்களைக் கணக்கிலிருந்து அடித்தார்கள். வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயரை நீக்கினால் ஊர் சின்னதாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

உயிருள்ள சிம் எது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. போன் 'ஆன்' ஆகியிருந்தால் அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று நெட்வொர்க் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும், நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. சுருக்கமாக வி.எல்.ஆர். என்பார்கள். மாதத்தில் அதிகம் பேர் ஆஜரான நாளின் எண்ணை டிராயும் வெளியிடுகிறது. அது மொத்தத்தில் சுமார் 90 சதவீதம் வரும். பத்தில் ஒரு சிம் வகுப்புக்கே வருவதில்லை. பத்திரிகைகள் முதல் எண்ணைத்தான் தலைப்பில் போடுகின்றன. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

2018 கடைசியில் இன்னொரு வெட்டு. அதற்கு முன் 2005 வாக்கில் 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்க வேலிடிட்டி என்று விற்றார்கள். நானே கூவிக் கூவி விற்றேன். பெரியம்மாவுக்கும் ஒன்று விற்றேன், மகன் அனுப்பிய பணத்தில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்தது, மற்றவர்கள் நஷ்டத்தில் தத்தளித்தார்கள். கடைசியில், மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுவிடும் என்றார்கள். இரண்டாவது சிம் வைத்திருந்தவர்கள் ஒன்றை விட்டார்கள், நாட்டின் மொத்த எண்ணிக்கை ஒரு கோடிக்கு மேல் குறைந்தது. ஒரே சிம் வைத்திருந்த கிழவிகளுக்கு விடுவதற்கு இரண்டாவது ஏது? 'ஆயுள் முழுக்கன்னு சொன்னியே தம்பி' என்று பெரியம்மா கேட்டபோது, யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை எப்படி விளக்குவது என்று முழித்தேன். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மறுபடி கட்டணத்தை ஏற்றியபோது கூட்டம் வேறு பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு மாதத்தில் அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல்.லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள்.

இணையத்தின் ஏற்றம்தான் இவை எல்லாவற்றிலும் பெரிது. 2014 மார்ச்சில் 25 கோடி இணைப்பு, 2024 மார்ச்சில் 95 கோடி. அதில் கம்பி வழியாக வருவது 4 கோடிதான். மற்றதெல்லாம் கையில் இருக்கும் போன். 2014-ல் ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாய் ஆனது. இன்று பத்து ரூபாயைச் சுற்றி. அகண்ட அலைவரிசை என்பதன் விளக்கமும் நடுவில் நகர்ந்தது. முன்பு நொடிக்கு 512 கிலோபிட் வந்தாலே போதும், 2023 ஜனவரியிலிருந்து 2 மெகாபிட் வேண்டும். பத்து வருஷத்து அகண்ட அலைவரிசைக் கணக்கை ஒரே கோடாக வரைகிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரைவழி போனுக்கு வந்த மறுபிறவிதான் எனக்குச் சிரிப்பு. 2000-களின் நடுவில் 4 கோடிக்கு மேல் இருந்தது, 2020-ல் 2 கோடிக்கு இறங்கியது. பிறகு திடீரென்று ஏறத் தொடங்கி 2024-ல் 3.4 கோடியை நெருங்கியது. 2022 ஆகஸ்டில் ஜியோ பி.எஸ்.என்.எல்.லை முந்தித் தரைவழியில் முதலிடம் பிடித்தது. ஜனங்கள் மறுபடி லேண்ட்லைனில் பேச ஆரம்பித்துவிட்டார்களா? வீட்டுக்கு ஃபைபர் இழுத்தால் கூடவே ஒரு நம்பர் இலவசமாக வருகிறது. என் வீட்டு ரவுட்டரின் பின்னாலும் போன் செருகுகிற துளை இருக்கிறது. அதில் எதையும் செருகியதில்லை. அந்த நம்பர் என்ன என்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்படியானால் என் கணக்கு 4.

பேச மட்டும் தனி பேக் வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது, அடுத்த மாதமே வந்தும்விட்டது. நல்ல விஷயம். ஆனாலும் அது பெரியம்மா கைக்கு எட்டும் விலையில் இல்லை. போன வெள்ளிக்கிழமை வந்தார். பிளாஸ்டிக் பையில் சுருட்டிய பட்டன் போன், வேலிடிட்டி முடிந்து இருபது நாள். மகன் இப்போது திருப்பூரில் இருக்கிறார், வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன்.

"சாப்ட்டியா?" என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். பெரியம்மா ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, பேச்சின் நடுவிலேயே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பேசுங்க பெரியம்மா, காசு ஓடலை" என்றேன்.

நம்பவில்லை. "வச்சுடுறேன்டா, மீட்டரு ஓடுது" என்று வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.